‘இயற்கை மரண’மாம்!

வெளிநாடு போகிறவருக்கு இன்ஷூரன்ஸ் வேண்டுமா, வேண்டாமா? இந்தக் கேள்வி இன்று ஊருக்கு ஊர் அடிபடுகிறது. விமான டிக்கெட் வாங்கப் போனால், டிக்கெட்டோடு சேர்த்து ஒரு பாலிசியையும் தலையில் கட்டிவிடப் பார்க்கிறார்கள். கேட்காத சரக்கைக் கூடையில் போட்டுக் காசு பறிக்கும் இந்தத் தந்திரம் எவ்வளவு தூரம் முற்றிவிட்டது என்றால், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் அதற்கென்றே விதி போட்டுத் தடை செய்ய வேண்டி வந்தது!

இன்னொரு பக்கம் சில நண்பர்கள் இருக்கிறார்கள். “இன்ஷூரன்சாவது, மண்ணாங்கட்டியாவது! கொடுத்த காசு திரும்பி வந்த கதை உண்டா? எல்லாம் கம்பெனிக்காரன் பிழைக்கும் வழி!” என்று ஒரே போடாய்ப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். கேட்பதற்கு வீராவேசமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது கம்பெனிக்காரனுக்கே சாதகமான பேச்சு என்பதை அவர்கள் உணரவில்லை. தொழிலாளி கேட்காமல் போனால் கம்பெனிக்கு என்ன நஷ்டம்? முதலாளிக்குத்தான் என்ன நஷ்டம்?

இரு தரப்பாரும் ஒரு விஷயத்தை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். ‘பிரயாணி’ என்று பொதுப்படையாக ஓர் ஆள் உலகத்தில் கிடையாது. பாரிஸ் நகரத்தைப் பத்து நாள் சுற்றிப் பார்க்கப் போகிறவரும் பிரயாணிதான். பிள்ளைப்பேறு பார்க்க அமெரிக்காவிலுள்ள மகள் வீட்டுக்குப் போகிற தாயாரும் பிரயாணிதான். ராமநாதபுரத்திலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கம்பி கட்டவும், கக்கூஸ் கழுவவும், ஒட்டகம் மேய்க்கவும் அரபு நாட்டுக்கு ஏறுகிறவனும் பிரயாணிதான். மூவருக்கும் விமானம் ஒன்றாக இருக்கலாம். ஆபத்து ஒன்றல்ல, சட்டமும் ஒன்றல்ல. ஆகவே கேள்வியைக் கொஞ்சம் திருத்திக் கேட்கிறோம்: யாருக்கு வேண்டும்? எதற்கு வேண்டும்? காசு யார் கொடுப்பது?

சுற்றுலாக்காரரும் பெற்றோரும்

முதல் இருவர் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு விசா வேண்டுமென்றால், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் காட்டியாக வேண்டும். நம் பணத்தில் 27 லட்சம் ரூபாய்க்குக் குறையாது. விருந்தாளி நோயில் விழுந்தால் செலவு தங்கள் தலையில் விழக்கூடாது என்று அந்த அரசாங்கங்கள் முன்ஜாக்கிரதையாக இருக்கின்றன. இதை வெறும் முதலாளித்துவக் கெடுபிடி என்று தள்ளிவிட முடியாது. தன் மக்களுக்கு இலவச வைத்தியம் தரும் கியூபாவும் 2010 மே முதல், வருகிறவர்கள் மருத்துவ இன்ஷூரன்சோடுதான் வர வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஒரு நாட்டு ஜனங்கள் தங்கள் உழைப்பால் நடத்தும் ஆஸ்பத்திரியை வந்து போகிறவர் இலவசமாக உபயோகிக்கக்கூடாது என்றால் அதில் நியாயம் உண்டு.

அமெரிக்கா விஷயம் வேறு. அங்கே பார்வையாளர் விசாவுக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயமில்லை. உயிருக்கு ஆபத்து என்று வந்தவரை அவசரப் பிரிவில் திருப்பி அனுப்பக்கூடாது என்று 1986ம் வருஷத்துச் சட்டம் ஒன்று உண்டு. ஆனால் பில் அனுப்பக்கூடாது என்று சட்டம் இல்லையே! ஆஸ்பத்திரியில் படுத்தால் ஒரு நாளைக்குச் சராசரி 3,000 டாலரை ஒட்டிச் செலவு பிடிக்கும் தேசம் அது. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் நாலு நாள் படுத்து எழுந்தால், அவருடைய பிராவிடண்டு பண்டு மட்டுமல்ல, மகனுடைய சேமிப்பும் சேர்ந்து போய்விடும். ஆகவே பாலிசி இல்லாமல் அங்கே போவது தைரியம் அல்ல, மடமை.

ஆனால் எந்தப் பாலிசி? இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. அறுபத்தைந்து வயசுக்காரருக்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இருப்பது சகஜம். அந்த வயசில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தால், பெரும்பாலும் அவற்றின் காரணமாகத்தான் போக வேண்டி வரும். ‘முன்பே இருந்த நோய்க்குப் பொறுப்பில்லை, உயிர் போகும் நிலை ஏற்பட்டால் மட்டும் ஒரு வரம்பு வரை தருவோம்’ என்று பல பாலிசிகளில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். மழை பெய்தால் மட்டும் விரிக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு விற்கப்படும் குடை! போதாக்குறைக்கு, பாலிசியை மலிவாக்கிக் காட்ட ஏஜண்டே ‘சர்க்கரை இருப்பதை எழுத வேண்டாம், சார்’ என்று யோசனை சொல்வதும் உண்டு. எழுதாமல் விட்டால், பிறகு அதையே சாக்காக வைத்துக் கம்பெனி கையை விரித்துவிடும். உள்ள நோயை உள்ளபடி எழுதி, அதற்கும் பொறுப்பேற்கிற பாலிசியைக் கூடுதல் காசு கொடுத்தாவது வாங்குவதுதான் புத்திசாலித்தனம். பெட்டி தொலைந்தால் இவ்வளவு, விமானம் தாமதமானால் அவ்வளவு என்று காட்டும் ஜிகினா வேலைகளில் மயங்க வேண்டியதில்லை.

நிற்க. நாம் பேச வந்தது மூன்றாவது பிரயாணியைப் பற்றி.

38 காசுப் பாதுகாப்பு

பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் வெளியேறச் சர்க்காரின் அனுமதி தேவை என்ற முத்திரை இருக்கும். இவர்கள் சவுதி, குவைத், கத்தார், ஓமான், பஹ்ரைன், ஐக்கிய அரபு எமிரேட்டுகள், மலேசியா முதலிய 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால், 1983ம் வருஷத்துச் சட்டப்படி அனுமதி பெற்றாக வேண்டும். அனுமதி பெற இன்ஷூரன்சும் எடுத்தாக வேண்டும். ‘பிரவாசி பாரதீய பீமா யோஜனா’ என்பது அதன் பெயர். 2003ல் துவக்கப்பட்டது, இப்போதுள்ள வடிவம் 2017ல் திருத்தப்பட்டது.

இரண்டு வருஷத்துக்கு ரூ. 275. மூன்று வருஷத்துக்கு ரூ. 375. நாளொன்றுக்கு 38 காசுகூட ஆகவில்லை. இதற்குப் பதிலாக, விபத்தில் இறந்தால் அல்லது நிரந்தரமாக ஊனமடைந்து வேலை இழந்தால் ரூ. 10 லட்சம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு ரூ. 1 லட்சம் வரை, அதுவும் ஒரு தடவைக்கு ரூ. 50,000க்கு மேல் கிடையாது. வேலை சம்பந்தமான வழக்குச் செலவுக்கு ரூ. 45,000. முதலாளி மாறினாலும் பாலிசி செல்லும் என்பது ஒரு நல்ல அம்சம். நல்லதை நல்லது என்று சொல்வதில் நமக்குத் தயக்கம் இல்லை. இந்தத் திட்டம் இல்லாதிருப்பதைவிட இருப்பது மேல். எடுக்காமல் யாரும் போகக்கூடாது.

ஆனால், ‘பத்து லட்சம், பத்து லட்சம்’ என்று தம்பட்டம் அடிக்கிறார்களே, அந்தப் பத்து லட்சத்தின் கழுத்தில் தொங்கும் ஒரு வார்த்தையை ஜனங்கள் கவனிக்க வேண்டும். ‘விபத்தில்’ என்பது அந்த வார்த்தை.

சாரத்திலிருந்து விழுந்தால் விபத்து. லாரி மோதினால் விபத்து. ஆனால் நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் நாளெல்லாம் கம்பி கட்டிவிட்டு, எட்டுப் பேர் அடைந்து கிடக்கும் அறைக்கு வந்து, படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லையென்றால்? அது விபத்து அல்லவாம். ‘மாரடைப்பு, இயற்கை மரணம்’ என்று டாக்டர் சீட்டு எழுதிவிடுகிறார். சீட்டைப் பார்த்ததும் இன்ஷூரன்ஸ் கம்பெனி கணக்கை மூடிவிடுகிறது. பத்து லட்சமும் இல்லை, பத்து ரூபாயும் இல்லை.

இது எங்கோ ஒருவனுக்கு நேர்வது என்று நினைத்துவிட வேண்டாம். கத்தாரில் உலகக் கால்பந்துப் போட்டி நடத்துவதென்று 2010 டிசம்பரில் முடிவானதிலிருந்து அடுத்த பத்து வருஷத்தில் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம், இலங்கை ஆகிய 5 நாடுகளைச் சேர்ந்த 6,500க்கு மேற்பட்டவர்கள் அங்கே இறந்தார்கள் என்று லண்டன் ‘கார்டியன்’ பத்திரிகை சர்க்கார் புள்ளி விவரங்களிலிருந்தே திரட்டி 2021 பிப்ரவரியில் வெளியிட்டது. இவர்களில் இந்தியர் 2,711 பேர். இறந்த இந்தியர்களில் 80 சதவிகிதத்தினர் ‘இயற்கை மரணம்’ அடைந்தவர்கள் என்று குறிக்கப்பட்டிருந்தது.

வாசகர்கள் இந்தக் கணக்கை நிறுத்திப் பார்க்க வேண்டும். நூறு பேரில் எண்பது பேர்! அதாவது, பத்து லட்சத் திட்டம் நூறு சாவில் எண்பதைக் கண்டும் காணாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இந்தத் திட்டத்துக்கு 38 காசு போதுமானதாக இருக்கும் ரகசியம் இப்போது விளங்குகிறதல்லவா?

திடகாத்திரமாகப் போனவன்

இதற்குக் கத்தார் அரசாங்கம் ஒரு பதில் சொன்னது. அந்த 6,500 பேரும் மைதானம் கட்டியவர்கள் அல்ல; எல்லாத் தொழிலிலும் உள்ளவர்கள்; இருபது லட்சம் பேர் வந்து தங்கும் இடத்தில் பத்து வருஷத்தில் இத்தனை சாவு நேர்வது எதிர்பார்க்கக்கூடியதுதான் என்றது. முதல் பாதி உண்மை. அதை நாம் மறுக்கவில்லை. கூட்டிச் சொல்லி யாருக்கும் லாபமில்லை.

ஆனால் இரண்டாவது பாதி? அங்கே வந்து தங்குபவர்கள் கிழவரும் குழந்தையும் நோயாளியும் கலந்த சாதாரண ஜனத்தொகையா? ஒவ்வொருவனையும் புறப்படும் முன் அங்கீகாரம் பெற்ற மருத்துவ மையத்துக்கு அனுப்பி, அவன் காசிலேயே ரத்தம் எடுத்து, மார்பை எக்ஸ்ரே பிடித்து, காச நோய் உண்டா, மஞ்சள் காமாலைக் கிருமி உண்டா என்று துருவிப் பார்த்து, ‘தகுதியுள்ளவன்’ என்று முத்திரை குத்திய பிறகுதானே விசாவே கொடுக்கிறார்கள்! சந்தையில் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குகிற மாதிரி பொறுக்கி எடுத்துக்கொண்டு போகிறார்கள். அப்படிப் பொறுக்கி எடுத்த முப்பது வயசுக்காரன் படுத்த படுக்கையில் செத்துக் கிடந்தால் அதற்குப் பெயர் ‘இயற்கை’யா? எந்த ஊர் இயற்கை அது?

விஞ்ஞானிகள் சொல்வதைக் கேட்போம். 2009 முதல் 2017 வரை கத்தாரில் இறந்த நேபாளத் தொழிலாளர்களின் விவரத்தையும் அந்தந்த நாளின் உஷ்ணத்தையும் ஒப்பிட்டு ஓர் ஆராய்ச்சி நடந்தது. 2019ல் இதய நோய் பற்றிய சர்வதேச ஏடு ஒன்றில் வெளியாயிற்று. இதயம், ரத்த நாளம் சம்பந்தமாக இறந்ததாகக் குறிக்கப்பட்ட 571 பேரில் சுமார் 200 பேரை, வெயிலிலிருந்து சரியான பாதுகாப்புத் தந்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியும் என்பது அதன் முடிவு. ஆக, மூவரில் ஒருவன் மாரடைப்பால் சாகவில்லை, வேலையால் செத்தான். கத்தார் அரசாங்கமே 2021ல் கோடைகாலத்தில் காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை வெட்ட வெளியில் வேலை வாங்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. வெயில் கொல்லும் என்பது தெரியாமலா போட்டார்கள்?

தெரிந்திருந்தும் பிரேதப் பரிசோதனை செய்வதில்லை. வெளிக்காயம் இல்லையென்றால் ‘இதயம் நின்றது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதோடு சரி. இதயம் நிற்காமல் யாராவது செத்ததுண்டா? அது ஏன் நின்றது என்று பார்த்தால் முதலாளி பதில் சொல்ல வேண்டி வரும். அரசாங்கம் பதில் சொல்ல வேண்டி வரும். இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்க வேண்டி வரும். மூவருக்கும் சௌகரியமான ஒரே சீட்டு ‘இயற்கை மரணம்’ என்ற சீட்டுதான். நம் தூதரகங்கள் இந்தச் சீட்டை மறுபேச்சில்லாமல் வாங்கி வைத்துக்கொள்கின்றன. வீட்டுக்காரர்களோ உடல் சீக்கிரம் ஊர் வந்து சேர்ந்தால் போதும் என்ற தவிப்பில் இருக்கிறார்கள். அந்தத் தவிப்புதான் இவர்களுடைய முதலீடு.

2024 ஜூன் 12ந் தேதி விடியற்காலை குவைத்தில் மங்காஃப் என்ற இடத்தில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்தது. தூக்கத்திலேயே புகையில் மூச்சு முட்டிச் செத்தவர்களே அதிகம். 45 இந்தியர்களின் உடல்கள் விமானப் படை விமானத்தில் கொச்சிக்கு வந்து இறங்கின. அவர்களில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 7 பேர். பிரதம மந்திரி 2 லட்சம் அறிவித்தார். மாநில சர்க்கார் 5 லட்சம் அறிவித்தது. மந்திரிகள் விமான நிலையத்தில் மலர் வளையம் வைத்தார்கள். அது செய்ய வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். அதே ஏழு பேரில் ஒருவன் அதற்கு ஒரு நாள் முன்னால், அதே கட்டடத்தில், அதே கட்டிலில் வெக்கை தாங்காமல் இதயம் நின்று செத்திருந்தால்? விமானப் படை விமானம் வந்திருக்குமா? மலர் வளையம்? பத்து லட்சம்? எதுவும் கிடையாது. மனைவியும் அதேபோல் விதவைதான், பிள்ளைகளும் அதேபோல் அநாதைகள்தான், வட்டிக்கு வாங்கிய கடனும் அதே கடன்தான். சாவு மட்டும் வேறு ஜாதியாம்!

பிலிப்பைன்சால் முடிகிறது

“எல்லாச் சாவுக்கும் கொடு என்றால் பிரீமியம் ஏறும், ஏழைத் தொழிலாளி தாங்குவானா?” என்று அதிகாரிகள் நீலிக் கண்ணீர் வடிக்கிறார்கள். நம்மைப் போலவே லட்சக் கணக்கில் தொழிலாளர்களை வெளியே அனுப்பும் பிலிப்பைன்ஸ் நாட்டைப் பாருங்கள். அது ஒன்றும் சோஷலிச நாடு அல்ல. அங்கே 2010ல் நிறைவேறிய 10022ம் எண் சட்டம் என்ன சொல்கிறது? ஏஜன்சி மூலம் வெளிநாடு செல்லும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் இன்ஷூரன்ஸ் கட்டாயம். பிரீமியத்தை ஏஜன்சிக்காரன்தான் கட்ட வேண்டும். தொழிலாளியிடமிருந்து ஒரு பைசா வசூலிக்கக்கூடாது. விபத்தில் இறந்தால் குறைந்தது 15,000 டாலர். இயற்கையாக இறந்தாலும் குறைந்தது 10,000 டாலர், அதாவது எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். நிரந்தர ஊனத்துக்கு 7,500 டாலர். உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவும் அதில் அடக்கம். அவன் ஒரு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தால், குடும்பத்தில் ஒருவர் போய்ப் பார்த்துவரும் பிரயாணச் செலவும் உண்டு!

மணிலாவில் முடிவது டில்லியில் ஏன் முடியாது? இதோ வேறொரு கணக்கு. இதே மத்திய சர்க்கார் உள்நாட்டில் ‘ஜீவன் ஜோதி’ என்று ஓர் ஆயுள் இன்ஷூரன்ஸ் திட்டம் நடத்துகிறது. 18 முதல் 50 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். வருஷத்துக்கு ரூ. 436. எந்தக் காரணத்தால் இறந்தாலும் ரூ. 2 லட்சம். சேர்பவர்களுக்கு மருத்துவப் பரிசோதனைகூடக் கிடையாது. இந்த விகிதத்திலேயே போட்டாலும், பத்து லட்சத்துக்கு இரண்டு வருஷப் பிரீமியம் ரூ. 4,360. நல்ல தேகத்தோடு இருப்பதாக டாக்டர் சீட்டு வாங்கிப் போகிறவர்கள் என்பதால் இன்னும் குறையவே நியாயமுண்டு. ஒரு விமான டிக்கெட்டின் விலைகூட இல்லை! இதை ஏஜண்டோ முதலாளியோ கட்டினால் குடி முழுகிப் போகுமா? ஏஜண்டு தொழிலாளியிடம் ரூ. 30,000க்கு மேல் வாங்கக்கூடாது என்று விதி இருக்க, லட்சக் கணக்கில் கறக்கிறார்களே, அதில் ஒரு துளியல்லவா இது?

முதலாளிகளைக் கட்ட வைக்க முடியாது என்பதும் பொய். சிங்கப்பூரில் வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் முதலாளி மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுத்தாக வேண்டும். 15,000 சிங்கப்பூர் டாலராக இருந்த வரம்பு 2023 ஜூலையில் 60,000 ஆக உயர்த்தப்பட்டது. ஐக்கிய அரபு எமிரேட்டுகளில் அபுதாபியிலும் துபாயிலும் முன்பே இருந்த கட்டாயம், 2025 ஜனவரி 1 முதல் மற்ற எமிரேட்டுகளில் உள்ள தனியார் கம்பெனித் தொழிலாளர்களுக்கும் வீட்டு வேலைக்காரர்களுக்கும் விரிவாயிற்று. செலவு முதலாளியுடையது. அங்கெல்லாம் எந்த முதலாளியும் கடையைக் கட்டிக்கொண்டு ஓடிவிடவில்லை. ஆனால் இவை உயிரோடு இருப்பவனின் வைத்தியத்துக்கான ஏற்பாடுகள். செத்தவனின் குடும்பத்துக்கு வழி, நம் சர்க்கார் கட்டுகிற சட்டத்தில்தான் இருக்க முடியும்.

விட்டுப் போனவர்கள்

இன்னும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பத்தாவது தேறாதவனுக்குத்தான் இந்த இன்ஷூரன்ஸ் கட்டாயம். தமிழ்நாட்டில் இன்று பத்தாவது தேறாத இளைஞன் எத்தனை பேர்? ஐ.டி.ஐ. முடித்த வெல்டரும், டிப்ளமா படித்த எலக்ட்ரீஷியனும், கடையில் நிற்கும் பட்டதாரியும் அதே வெயிலில், அதே கொட்டடியில்தான் கிடக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. பத்தாவது பாஸ் செய்த சர்ட்டிபிகேட் சாரத்திலிருந்து விழாமல் தாங்கிப் பிடிக்குமா? வெயில் சர்ட்டிபிகேட் பார்த்தா அடிக்கிறது?

அடுத்து, சுற்றுலா விசாவில் அனுப்பப்படுகிறவர்கள். ‘முதலில் இதில் போய் இறங்கு, அங்கே போய் வேலை விசா மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொல்லி ஏஜண்டு ஏற்றிவிடுகிறான். அனுமதி வாங்கும் தொல்லை அவனுக்கு மிச்சம். அந்தத் தொழிலாளி சட்டத்தின் கண்ணில் தொழிலாளியே அல்ல, ஊர் சுற்றிப் பார்க்கப் போன உல்லாசப் பிரயாணி! கையில் ஒரு பிரயாண பாலிசி இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. சுற்றுலாக்காரருக்கு எழுதப்பட்ட பாலிசி, கட்டட வேலையில் கை முறிந்தவனுக்குப் பணம் தராது. இதை எந்த ஏஜண்டும் வாய் திறந்து சொல்வதில்லை.

வைத்தியச் செலவையும் ஒரு வார்த்தை பார்த்துவிடுவோம். பத்து நாள் பாரிஸ் பார்க்கப் போகிறவருக்கு 27 லட்சத்துக்குக் குறையாமல் வைத்திய இன்ஷூரன்ஸ் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய நாடுகள் கணக்குப் போடுகின்றன. இரண்டு வருஷம் எலும்பு முறிய உழைக்கப் போகிறவனுக்கு ஒரு லட்சம் போதும் என்று நம் சர்க்கார் கணக்குப் போடுகிறது. உழைக்கிறவனுடைய உடம்பு அவ்வளவு மலிவாகிவிட்டது இவர்களுக்கு!

ஆனால் அவன் அனுப்பும் பணம் மட்டும் மலிவு இல்லை. 2023-24ம் வருஷத்தில் வெளிநாட்டிலுள்ள இந்தியர்கள் ஊருக்கு அனுப்பிய தொகை 11,870 கோடி டாலர் என்று ரிசர்வ் பாங்கு சொல்கிறது. அதில் நூற்றுக்கு 38 பங்கு ஆறு வளைகுடா நாடுகளிலிருந்து வந்தது. மாநிலங்களில் தமிழ்நாட்டுக்கு வந்தது 10 பங்குக்கு மேல். அன்னியச் செலாவணி என்று மந்திரிகள் மார்தட்டிக்கொள்வது இந்தப் பணத்தைத்தான். செத்தவனை ஊருக்குக் கொண்டுவர 2009ல் ஏற்படுத்திய இந்திய சமூக நல நிதி இருக்கிறதே, அதுவாவது சர்க்கார் கஜானாவிலிருந்து வருகிறதா? அதுவும் இல்லை. பாஸ்போர்ட் புதுப்பிக்கவும் சீட்டு அத்தாட்சி பெறவும் தூதரகத்துக்கு வருகிறவர்களிடம் வசூலிக்கும் தொகையிலிருந்து சேர்வதுதான் அது. தொழிலாளி காசிலேயே தொழிலாளிக்குப் பாடை!

கேட்க வேண்டியவை

ஆகவே, இன்ஷூரன்ஸ் வேண்டுமா என்றால் வேண்டும் என்றுதான் நாம் அழுத்திச் சொல்கிறோம். 1956ல் ஆயுள் இன்ஷூரன்சையும், 1973 ஜனவரியில் பொது இன்ஷூரன்சையும் சர்க்கார் உடைமையாக்கியது எதற்காக? ஜனங்கள் போடும் பணம் ஜனங்களுக்கே ஆபத்தில் உதவ வேண்டும் என்பதற்காக. இன்றும் நான்கு பொதுத்துறை பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இருக்கின்றன. ஒன்றின் தலைமை அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. அன்னிய மூலதனத்துக்கு 2000ல் 26 சதவிகிதம், 2015ல் 49, 2021ல் 74 என்று கதவைத் திறந்துவிட நேரம் இருந்தவர்களுக்கு, ஒரு திட்டத்தில் ‘விபத்தில்’ என்ற ஒரு வார்த்தையை அடிக்க நேரம் இல்லையா?

அந்த வார்த்தை அடிக்கப்பட வேண்டும். எந்தக் காரணத்தால் இறந்தாலும் தொகை கிடைக்க வேண்டும். வெயிலில் நீர் வற்றிச் சிறுநீரகம் கெட்டுத் திரும்புகிறவனும் ஊனமடைந்தவனாகக் கருதப்பட வேண்டும். பிரீமியத்தை முதலாளியும் ஏஜண்டும் கட்ட வேண்டும். பத்தாவது தேறியவர், தேறாதவர் என்ற பேதம் ஒழிய வேண்டும். வைத்திய வரம்பு உயர வேண்டும். ஐம்பது வயசுக்குள் இறக்கும் ஒவ்வொரு தொழிலாளியின் உடலுக்கும் பிரேதப் பரிசோதனை கேட்டு வாங்குவது தூதரகத்தின் கடமை என்று எழுத்தில் வர வேண்டும். பார்லிமெண்ட் அங்கத்தினர்கள் சபையில் இதை எழுப்ப வேண்டும். தொழிற்சங்கங்கள் மனுக் கொடுப்பதோடு நின்றுவிடக்கூடாது.

அதுவரை, புறப்படுகிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. ரூ. 275 பாலிசியை நீங்களே கேட்டு வாங்குங்கள். வாரிசுப் பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நகலை மனைவி கையிலோ தாயார் கையிலோ கொடுத்துவிட்டுப் போங்கள். பாலிசி எடுத்திருப்பதே வீட்டுக்குத் தெரியாமல், பணம் கேட்காமலே போன குடும்பங்கள் உண்டு. இரண்டு வருஷம் முடிந்ததும் புதுப்பிக்க மறக்காதீர்கள். ‘ஜீவன் ஜோதி’ இல்லாதவர்கள் பாங்கில் கேட்டு அதிலும் சேருங்கள். அறைக் கூட்டாளி இறந்துபோனால், அவன் அன்றைக்கு எத்தனை மணி நேரம், எந்த இடத்தில், எந்த வெயிலில் வேலை செய்தான், யாரிடம் நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னான், லீவு கேட்டானா, மறுத்தது யார் என்பதையெல்லாம் அன்றைக்கே தேதி போட்டு எழுதி, அறையிலுள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டு, அவன் வீட்டுக்கு ஒரு நகலும் தூதரகத்துக்கு ஒரு நகலும் அனுப்புங்கள்.